விளைவிப்போர் வீட்டில் நிலக்கடலை

ஐப்பசி மாதத்தில் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கங்களில் நிலக்கடலை விளைவித்த குடியானவர் ஒருவரின் களத்துக்குச் சென்று பார்ப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். செடியைப் பிடுங்கி, காயை ஆய்ந்து, வெயில் கண்டபோதெல்லாம் பரப்பி, மேகம் கண்டபோதெல்லாம் மூடி, ஒருவாறு காய்ச்சல் வந்தபின் தூற்றுதல் நடைபெறும். முற்றித் திரண்ட காய்கள் ஒருபுறம் குவியும். பொக்கு, சூம்பல், புழு துளைத்தது, மழையில் நனைந்து முளை கண்டது, கறுத்துப் பூஞ்சணம் படர்ந்தது ஆகியவை மறுபுறம் ஒதுங்கும். முதற் குவியல் மூட்டையாகி வியாபாரியின் வண்டியிலோ விற்பனைக்கூடத்துக்கோ போய்விடும். இரண்டாவது குவியல் பழஞ்சாக்கு ஒன்றில் வீட்டு மூலைக்குப் போகும். வருஷம் முழுவதும் அவ்வீட்டுக் குழந்தைகள் கொறிப்பதும், துவையலுக்கு அரைபடுவதும் அதுவே. விலைக்கு உதவாதது வயிற்றுக்கு உதவும் என்ற எண்ணம் நெடுநாளாக வேரூன்றி நிற்கிறது. விளைவிக்கும் குடும்பத்தின் தேக ஆரோக்கியத்துக்கு இதைவிடக் கேடான கணக்கு வேறில்லை.

இவ்வழக்கம் ஏற்பட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிலக்கடலை இந்நாட்டுப் பயிரன்று. தென் அமெரிக்காவிலே பிறந்து, கடல்வழியாகக் கீழ்நாடுகளுக்கு வந்தது. மணிலாக்கொட்டை என்ற பெயரும், அது நாட்டுப்புறத்தார் நாவில் மல்லாட்டை என்று மருவியதும் அந்தப் பிரயாணத்தின் அடையாளங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாற்காட்டுக் கடலை பாண்டிச்சேரித் துறையிலிருந்து பிரான்சு தேசத்து மார்சேய் நகருக்குக் கப்பலேறிற்று. அங்கே அது எண்ணெயாகவும் சவுக்காரமாகவும் மாறிற்று. நெல்லும் கேழ்வரகும் துவரையும் முதலில் வீட்டுக்காக விளைந்து, மிஞ்சியபோது சந்தைக்குப் போனவை. கடலையோ இங்கே பரவிய நாள் முதலாகவே சந்தைக்கென்று விளைந்தது. கிஸ்து கட்டவும், கடன் தீர்க்கவும், கலியாணம் முடிக்கவும் உதவிய பயிர் அது. ஆகவே நெல்லுக்கு வீட்டில் குதிர் உண்டு. கேழ்வரகுக்கு அடுக்குப் பானை உண்டு. கடலைக்கு மட்டும் இடமில்லை.

விவசாயப் பிரசாரமும் இதில் குற்றமற்றதென்று சொல்ல முடியாது. எந்த ரகம் எத்தனை மூட்டை காணும், எண்ணெய் நூற்றுக்கு எவ்வளவு, ஜிப்சம் எப்போது இடுவது என்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. விளைந்ததை விளைவித்தவர் உண்ண வேண்டும் என்று எழுதப்பட்டது மிகக் குறைவு. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து டஸ்கீகி கல்விச்சாலையில் ஊழியம் செய்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1916-இல் நிலக்கடலையைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். அதில் பயிரிடும் முறை சுருக்கமாகவே வருகிறது. மீதிப் பக்கங்கள் 105 வகையாக அதைச் சமைத்துண்ணும் முறைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பருத்தியையே நம்பி நிலமும் உடலும் மெலிந்திருந்த ஏழைக் குடியானவர்களுக்காக அவர் அதை எழுதினார். பயிர் முறையும் பாகமுறையும் ஒரே ஏட்டில் இருக்கத் தகுந்தவை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நிலக்கடலை பெயரளவில் கொட்டையாயினும் சாதியால் பயறு. அவரை, உளுந்து, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் சத்தை நோக்கினால் பாதாம், முந்திரி முதலிய கொட்டைகளோடு ஒரே வரிசையில் உட்காரக் கூடியது. 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. அரிசியில் 7 அல்லது 8 கிராமே. கொழுப்பு 40 முதல் 50 கிராம் வரை இருக்கும்; அதில் பெரும்பகுதி உறையாத, இரத்தக் குழாய்களுக்குத் தீங்கு செய்யாத இனத்தைச் சேர்ந்தது. ‘பி’ வகை ஜீவசத்துக்களில் நியாசினும் போலேட்டும் மிகுதி. ‘ஈ’ ஜீவசத்தும், மக்னீசியமும், துத்தநாகமும், நார்ச்சத்தும் உள்ளன. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் பருப்பு, சுமார் 7 கிராம் புரதமும் 170 காலரி உஷ்ண சக்தியும் தரும். பாதாமிலும் புரத அளவு இதைவிட மிகுதியில்லை. விலையோ பன்மடங்கு. பண்ணுருட்டி வட்டாரத்து முந்திரிக்கும் ஏறக்குறைய இதே கதிதான். உடைத்துத் தோலுரிப்பவர் வீட்டில் அது பண்டிகைப் பாயசத்துக்கு மட்டுமே எட்டுகிறது. விலையைக் கண்டு சத்தை மதிப்பது பட்டணத்தார் வழக்கம். அது கிராமத்திலும் பரவியிருப்பது விசனிக்கத்தக்கது.

குறைகளும் உண்டு. கடலையில் ‘சி’ ஜீவசத்து இல்லை. ‘ஏ’ ஜீவசத்து இல்லை. சுண்ணாம்புச் சத்து சொற்பம். புரதத்திலும் லைசின் என்ற ஓர் அம்சம் குறைவு. தானியங்களிலும் அதுவே குறைவு. ஆகவே சோறும் கடலையும் மட்டும் உண்பது போதாது. துவரை, பயறு, கொண்டைக்கடலை இவற்றுள் ஒன்றோ, பாலோ, முட்டையோ சேர வேண்டும். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஏழைகளுக்கென்று ஒரு சத்துமாவு தயாரித்தபோது, கடலைப் பிண்ணாக்கு மாவு மூன்று பங்குக்குக் கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கு சேர்த்தது இக்காரணம் பற்றியே.

மானாவாரிக் கிராமத்தின் பழைய ஆகாரத்தை இக்கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். கேழ்வரகுக் கூழில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, கடலைத் துவையலில் புரதமும் கொழுப்பும், முருங்கைக் கீரையில் ‘ஏ’ ஜீவசத்து, நெல்லிக்காயில் ‘சி’. நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் கடலையிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் நன்றாக ஒட்டும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்ற இதுவே சரிவிகித ஆகாரம். இதை ஏற்படுத்த வெளியூரிலிருந்து ஒரு பொட்டலமும் வரவேண்டியதில்லை. கூழ் போய் வெள்ளைச் சோறு வந்ததும், துவையல் போய்ப் பெட்டிக்கடை மிக்சர் வந்ததும் முன்னேற்றமென்று எண்ணப்படுகிறது. ஆனால் 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச் சோகையுள்ளவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்குத் தக்க உயரமில்லாதது.

கொட்டை உண்பவரின் இருதய நிலையைப் பற்றி மேல்நாடுகளில் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த 31,000-க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் வெளியிட்ட முடிவின்படி, வாரத்தில் நான்கு தடவைக்கு மேல் கொட்டை உண்டவர்களுக்கு, அபூர்வமாய் உண்டவர்களைக் காட்டிலும் இருதய நோய் ஏறக்குறைய பாதியாகவே இருந்தது. ஸ்பெயின் தேசத்தில் 7,000-க்கு மேற்பட்டவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தினம் 30 கிராம் கொட்டை சேர்த்த ஆகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்து, முறையில் கண்ட குறைகளுக்காகத் திருத்தி 2018-இல் மீண்டும் வெளியிடப்பட்ட அம்முடிவும் கொட்டைக்கு அனுகூலமே. ஆனால் இவர்கள் உண்டதில் வால்நட்டும் பாதாமும் உண்டு. கொட்டை வாங்கி உண்ண வசதியுள்ளவர் மற்ற வகையிலும் ஒழுங்காக வாழ்பவராக இருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அக்கேள்விக்கு ஓரளவு விடையாக 2015-இல் மற்றோர் ஆராய்ச்சி வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் வருமானம் குறைந்த மக்களையும், சீனாவின் ஷாங்காய் நகரத்தாரையும் அதில் கவனித்தார்கள். அவர்கள் உண்ட கொட்டையில் பெரும்பகுதி மலிவான நிலக்கடலையே. அங்கும் கடலை உண்டவர்களிடையே மரண விகிதம், முக்கியமாக இருதய நோயால் வரும் மரணம், குறைவாகவே காணப்பட்டது. கடலை ஒன்றே காரணமென்று இதைக்கொண்டு சாதிக்க முடியாது. ஏழை உண்டாலும் பலன் காணக்கூடும் என்பது மட்டும் தெளிவு.

கடலை பித்தம் என்று பாட்டிமார் தடுப்பது ஊருக்கு ஊர் உண்டு. அவ்வார்த்தையை ஏளனம் செய்து தள்ளுவதற்கில்லை. வெறும் வயிற்றில் பச்சைக் கடலையை அளவின்றித் தின்றால் மந்தமும் கடுப்பும் வருவது அனுபவத்தில் கண்டது. காந்தியடிகளே 1918-இல் கேடா ஜில்லாவில் சுற்றியபோது கடலை வெண்ணெயையும் எலுமிச்சையையும் பிரதான ஆகாரமாகக் கொண்டு, அளவு மீறி உண்டு சீதபேதிக்கு ஆளானதைத் தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கடலையின் குற்றம் அதில் ஒன்றுமில்லை, அளவின் குற்றமே. ஒரு கைப்பிடி, அவித்தோ வறுத்தோ, வெல்லத்தோடோ துவையலாகவோ உண்பவருக்குப் பித்தத்தின் பேச்சே எழாது. உடல் பருத்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர். மூன்று வேளை உணவுக்கும், மாலையில் போண்டாவுக்கும் மேலாகக் கடலையும் உண்டால் பருப்பது திண்ணம். போண்டாவுக்குப் பதிலாக உண்ண வேண்டும் என்பதே கருத்து. எண்ணெயில் பொரித்து உப்பும் காரமும் தூவிய பாக்கெட்டுக் கடலை இக்கணக்கில் சேராது.

இவ்வளவு சொன்னதும் நல்ல பருப்புக்கே பொருந்தும். மூலையிலுள்ள பழஞ்சாக்குக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று மடிந்தன. காரணம் தேடியபோது, பிரேசில் தேசத்திலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் விளைவித்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். இந்நஞ்சு ஈரலைத் தாக்குவது. நாளடைவில் ஈரலில் புற்றுநோய் உண்டாக்குவது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லையோரக் கிராமங்களில், பருவந்தவறிய மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 106 பேர் இறந்ததும் இதே நஞ்சினாலேதான். அங்கே சோளம், இங்கே கடலை. நனைந்த தானியத்தை ஏழைகள் எறிய மனமில்லாமல் உண்ட வகை ஒன்றே.

பூஞ்சணம் யாவும் கண்ணுக்குப் பச்சையாகத் தோன்றுவதில்லை. சுருங்கிய பருப்பு, நிறம் மாறிய பருப்பு, தோலுக்கடியில் மஞ்சள் பாய்ந்த பருப்பு, கசக்கும் பருப்பு ஆகியவற்றிலேயே நஞ்சு மிகுதியாக ஒளிந்திருக்கும். தூற்றும்போது வீட்டுக்கென்று ஒதுக்கும் குவியல் அவற்றாலேயே ஆனது. வறுத்தால் போய்விடும் என்பது தவறு. வறுப்பதும் அவிப்பதும் அதை ஓரளவு குறைக்குமேயன்றி நீக்கா. அவ்வகைப் பருப்பைச் செக்கிலிட்டு ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். வடிகட்டாத எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். அப்பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தால் பாலில் அதன் சாயல் தோன்றும். அந்தப் பாலைக் குடிப்பதும் வீட்டுக் குழந்தையே. இக்குவியலுக்கு உகந்த இடம் எருக்குழிதான். எறிவது நஷ்டமென்று தோன்றும்; ஈரல் நோய்க்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது.

மற்றொரு விஷயம் சற்றுக் கசப்பானது. அறுவடையான கொல்லையில் மண்ணுக்குள் தங்கிய காய்களைக் களைக்கொத்தால் கிளறிப் பொறுக்கிச் செல்லும் ஏழைப் பெண்களும் சிறுவர்களும் எங்கும் உள்ளனர். மழை பெய்தபின் பல நாள் மண்ணில் கிடந்த அக்காய்களில் பூஞ்சணம் மிகுதி. பொறுக்கவேண்டாம் என்று அவர்களுக்குப் புத்தி சொல்வது எளிது. வேறு கடலை அவர்களுக்கு ஏது? ஆய்கூலியைக் காயாகக் கொடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில், அக்கூலியை நல்ல குவியலிலிருந்து அளப்பது நிலத்துக்காரரின் கடமை. சூம்பற் குவியலிலிருந்து அளந்துவிட்டு மூட்டைக் கணக்கில் மிச்சம் பிடிப்பவர் கூலியில் மட்டும் பிடிப்பதில்லை.

நல்ல காயை நல்லபடி வைப்பதற்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. பயிர் முற்றும் தறுவாயில் வறட்சி கண்டால் பூஞ்சணம் நிலத்திலேயே நுழைந்துவிடும். ஒரு தண்ணீர் கொடுக்க வசதியுள்ளவர் கொடுப்பது நலம். பிடுங்கிய செடியை அம்பாரமாகக் குவிக்காமல், காய் மேலே வரும்படி வரிசையாகக் கவிழ்த்து வைத்தால் காற்று ஓடும். ஆய்ந்த காயைக் குலுக்கினால் பருப்பு உள்ளே கலகலக்கும்வரை உலர்த்த வேண்டும். ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்குக் குறைந்தால் பூஞ்சணம் வளராது. ஈரமானி வைத்திருக்கும் விற்பனைக்கூடங்களில் அளந்து தெரிந்துகொள்ளலாம். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவது அவசியம். பருப்பாக உடைத்து வைத்தால் சீக்கிரம் சிக்கு நாற்றமும் பூச்சியும் வரும். தோட்டோடு வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக் கொள்வதே சிறந்தது.

இவையெல்லாம் ஏற்கெனவே ஒவ்வொரு குடியானவர் வீட்டிலும் செய்யப்படுகின்றன. ஆனால் விதைக்காய்க்கு மட்டுமே. டி.எம்.வி. 7 விதையென்று எடுத்து வைக்கும் காயைத் தனியே பொறுக்கி, தனியே உலர்த்தி, எலி அணுகாமல், ஈரம் ஏறாமல் காப்பவர், தம் மக்கள் உண்ணும் காயை ஓட்டைச் சாக்கில் போட்டு வைக்கிறார். விதைக்காய் பக்கத்திலேயே ஆகாரக்காய்க்கும் ஓர் இடம் ஏற்பட்டால் போதுமானது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மருந்து கலந்து மிஞ்சிய விதைப் பருப்பை எக்காரணத்தாலும் உண்ணவோ, ஆட்டவோ, மாட்டுக்கு வைக்கவோ கூடாது.

எவ்வளவு வைப்பது என்பதற்குக் கணக்கு இது. ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு கைப்பிடியாக நாளொன்றுக்கு 150 கிராம் பருப்பு. வருஷத்துக்கு ஏறத்தாழ 55 கிலோ. நூற்றுக்கு 70 பங்கு பருப்புக் காணும் காயானால் 78 கிலோ காய். 40 கிலோ மூட்டையாக இரண்டு. மானாவாரியில் ஏக்கருக்கு 20 மூட்டை கண்டவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. கடனுக்கு முன்னரே பேசி விட்ட விளைச்சலில் இரண்டு மூட்டையை ஒதுக்குவது எல்லோருக்கும் இயலாது. இயலாதவர் ஒரு மூட்டையாவது வைத்து, கர்ப்பிணிக்கும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அதை முதலில் கொடுக்கலாம். விற்ற காயே நாலு மாதத்துக்குப்பின் பெட்டிக்கடையில் பொட்டலமாகவும் உருண்டையாகவும் பன்மடங்கு விலையில் அதே வீட்டுக்குத் திரும்பி வருவதை யோசித்தால், ஒதுக்கியது நஷ்டமென்று தோன்றாது. விற்பது பெரும்பாலும் ஆண்கள் கையிலும், உலை வைப்பது பெண்கள் கையிலும் இருப்பதால், மூட்டை தைக்குமுன் வீட்டுப் பெண்களின் சொல்லைக் கேட்பது விவேகம்.

உண்ணும் விதத்தில் யாருக்கும் போதனை தேவையில்லை. பச்சைக்காயை உப்பிட்டு அவித்தல், மணலில் வறுத்தல், வெல்லப் பாகில் உருட்டல், காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து அரைத்தல், கேழ்வரகு அடையில் தூவல், கத்தரிக்காய்க் குழம்பில் அரைத்து விடுதல் ஆகிய யாவும் பெண்கள் அறிந்தவையே. சிலருக்குக் கடலை உண்டதும் உடலில் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகும். அவர்கள் அதை அறவே விலக்கி வைத்தியரைக் காண வேண்டும். இதற்கு அஞ்சிக் குழந்தைக்குக் கடலையே காட்டாமல் வளர்ப்பதும் சரியன்று. சிரங்கோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 600-க்கு மேற்பட்ட சிசுக்களுக்கு லண்டனில் முதல் வயதிலேயே கடலைப் பண்டம் கொடுத்தும் கொடாமலும் வளர்த்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவில், உண்டு வளர்ந்தவர்களிடமே அவ்வொவ்வாமை மிகக் குறைவாயிருந்தது. அத்தகைய சிசுக்களுக்கு வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் முழுப் பருப்பைக் கொடுக்கலாகாது. மூச்சுக் குழலில் சிக்கி உயிருக்கு ஆபத்தாகும். வறுத்து, தோல் நீக்கி, மாவாகப் பொடித்து, ஆறுமாதம் கடந்தபின் கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு சிட்டிகையாகத் தொடங்கி, ஒத்துக்கொள்வதைப் பார்த்து ஒரு தேக்கரண்டி வரை கூட்டிக் கொடுக்கலாம்.